பெல்ட் மாற்றியபின் வெள்ளைப் புகை, இழுவை இல்லை: பழைய ஆக்டேவியா டிடிஐ-யில் டைமிங் கோளாறைப் பிடிப்பது எப்படி

கானாடுகாத்தானிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பச்சி வாங்கிய 2004 ஸ்கோடா ஆக்டேவியா 1.9 டிடிஐ. வருடத்தில் பாதி நாள் ஷெட்டில்தான் நிற்கும், கல்யாணம், படைப்பு, திருவிழா என்று எல்லோரும் ஊருக்கு வரும்போது ஓடும். நான்கு மாதத்துக்கு முன்பு டைமிங் பெல்ட் மாற்றினார்கள். அதன்பிறகு காலையில் ரொம்ப நேரம் செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது, கண்ணெரிகிற வெள்ளைப் புகை, திருமயம் தாண்டித் திருச்சி ரோட்டில் ஒரு லாரியை ஓவர்டேக் பண்ணக்கூடத் தெம்பில்லை. சத்தம் மட்டும் முன்பைவிட மெதுவாகிவிட்டதாம், அதை நல்ல அறிகுறி என்று நினைத்திருக்கிறார். ஸ்கேனரில் பி1248 என்று ஒரு கோடு. பட்டறையில் டீசலைப் பீய்ச்சும் நான்கு நாசிலும் டர்போவும் மாற்றவேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா என்பது கேள்வி.

இப்போதைக்கு மாற்றாதீர்கள். நாசிலும் டர்போவும் கெட்டிருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த வண்டியில் டைமிங்கை, அதாவது டீசல் பீய்ச்சும் நேரத்தை, ஸ்கேனரில் அளந்து எண்ணாகவே பார்க்க முடியும், அரை மணி நேர வேலை. அதை அளக்காமல் இத்தனை செலவுள்ள சாமானைக் கழற்றச் சொல்வது நியாயமே இல்லை. அதுவும் பெல்ட் மாற்றிய அன்றிலிருந்து தொடங்கிய கோளாறு என்று நீங்களே சொல்கிறீர்கள். பெல்ட் வேலையில் தொட்ட இடங்களைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

உங்கள் கேள்வியில் எனக்கு உடனே பட்டது அந்தச் சத்தம்தான். டீசல் இன்ஜினில் பிஸ்டன் மேலே வந்து முடிக்கிற நேரத்தை ஒட்டி டீசல் பீய்ச்சவேண்டும். கொஞ்சம் முந்திப் பீய்ச்சினால் சிலிண்டருக்குள் அழுத்தம் சட்டென்று ஏறி 'கட கட' என்று கடினமாக அடிக்கும். பிந்திப் பீய்ச்சினால் பிஸ்டன் இறங்க ஆரம்பித்தபிறகு எரிகிறது, அதனால் சத்தம் மழுங்கிவிடும், எரியாத டீசல் ஆவி வெள்ளைப் புகையாக வெளியே வரும், கண் எரியும், பச்சை டீசல் நாற்றம் அடிக்கும். தள்ளவேண்டிய நேரத்தில் எரியாத டீசல் எக்ஸாஸ்ட்டில் போய் எரிவதால் இழுவை குறைந்து, டர்போவுக்குள் போகிற எக்ஸாஸ்ட்டின் சூடும் ஏறும். ஆகவே சத்தம் குறைந்தது, வெள்ளைப் புகை, இழுவைக் குறைவு மூன்றும் சேர்ந்து வந்தால் இன்ஜெக்ஷன் பிந்தி நடக்கிறது என்றுதான் முதல் சந்தேகம் போகவேண்டும். இந்த நிலையில் வண்டியை மிதித்து ஓட்டாதீர்கள். டர்போ இப்போது நன்றாக இருந்தாலும், இந்தச் சூட்டில் நீண்ட தூரம் ஓட்டினால் அதுவும் கெடும்.

இனி இந்த இன்ஜினில் டைமிங் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். இது தெரியாமல் ஸ்கேனரில் வரும் எண்ணுக்கு அர்த்தம் பிடிபடாது. இதில் இருப்பது பாஷ் விபி37 ரோட்டரி பம்ப். பழைய மைக்கோ ரோட்டரி பம்ப்களைப் பார்த்திருந்தால் அதே குடும்பம்தான், ஆனால் டீசல் அளவையும் நேரத்தையும் ஈசியூ என்ற இன்ஜின் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும். பம்ப் ஷாஃப்டை டைமிங் பெல்ட் சுற்றுகிறது. பம்புக்குள் ஒரு வேன் பம்ப் இருக்கிறது, அது டீசலை உறிஞ்சி உள்ளே அழுத்தம் உண்டாக்கும். அந்த அழுத்தம் ஒரு சின்ன பிஸ்டனைத் தள்ளி இன்ஜெக்ஷனை முன்னே கொண்டுபோகும். அந்தப் பிஸ்டனுக்குப் போகிற அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பதற்கு என்108 என்ற சோலினாய்டு வால்வு. பீய்ச்சல் உண்மையில் எப்போது நடந்தது என்று ஈசியூவுக்குச் சொல்வது மூன்றாவது சிலிண்டர் இன்ஜெக்டருக்குள் இருக்கும் நீடில் லிஃப்ட் சென்சார். அந்த இன்ஜெக்டரில் மட்டும்தான் ஒயர் வரும், பானட்டைத் திறந்து பார்த்தாலே தெரியும்.

ஈசியூ 'இத்தனை டிகிரியில் பீய்ச்சு' என்கிறது, மூன்றாவது இன்ஜெக்டர் 'இத்தனை டிகிரியில் பீய்ச்சினேன்' என்கிறது, வித்தியாசம் இருந்தால் என்108 சரிசெய்கிறது. பெல்ட் போடும்போது பம்பை நான்கைந்து டிகிரி பிந்தி மாட்டிவிட்டாலும், ஓடும்போது ஈசியூ இழுத்துப் பிடித்து ஓரளவு சமாளித்துவிடும். அதனால்தான் வண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது, நடு ஆர்பிஎம்மில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் மெதுவாகச் சுற்றுவதால் பம்புக்குள் அழுத்தமே இருக்காது, முன்னே தள்ளுகிற பிஸ்டன் நகராது, பெல்ட் மாட்டிய நிலைதான் டைமிங். அது பிந்தியிருந்தால் காலையில் ஸ்டார்ட் பிடிக்கச் சிரமப்படும். அதேபோல ஆர்பிஎம் ஏறும்போது ஈசியூ இன்னும் முந்தச் சொல்லும், பிஸ்டன் முழுக்கத் தள்ளியும் எட்டாது. அங்கேதான் உங்களுக்கு ஓவர்டேக் பண்ணத் தெம்பில்லாமல் போகிறது, அங்கேதான் பி1248-உம் விழுகிறது.

பி1248 என்றால் 'கேட்ட நேரமும் நடந்த நேரமும் பொருந்தவில்லை' என்பதுதான். சில ஸ்கேனரில் இதே கோடு 17656 என்று காட்டும். இது எந்தச் சாமான் கெட்டது என்று சொல்லாது. பி1245, பி1246, பி1247 வந்தால் அது வேறு கதை. அவை நீடில் லிஃப்ட் சென்சாரையும் அதன் ஒயரையும் குறிப்பவை. அந்தச் சென்சாரின் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் 80 முதல் 120 ஓம் வரை காட்டவேண்டும். அளவு சரியாக இருந்தாலும் ஒயரை அசைத்துக்கொண்டே பாருங்கள். நின்றே இருக்கும் வண்டிகளில் எலி கடித்த ஒயர்களை எண்ணிமாளாது. சென்சார் செத்தால் ஈசியூவுக்கு நேரம் தெரியாது, உடனே டீசலைக் குறைத்து வண்டியை மந்தமாக்கிவிடும். அதையும் 'டர்போ போச்சு' என்று சொல்லிவிடுகிறார்கள்.

இன்னொரு விஷயம், பலரும் யோசிப்பதில்லை. ஈசியூவுக்குத் தெரிவது மூன்றாவது இன்ஜெக்டரின் நேரம் மட்டுமே. மற்ற மூன்றும் அதைப் போலவேதான் நடக்கின்றன என்று அது நம்புகிறது. மூன்றாவது நாசில் தேய்ந்து குறைந்த அழுத்தத்திலேயே திறந்துகொண்டால், 'ரொம்ப முந்துகிறது' என்று நினைத்து ஈசியூ மொத்த பம்பையும் பின்னுக்கு இழுக்கும். ஸ்கேனரில் எல்லாம் சரியாகத் தெரியும், உண்மையில் ஒன்று, இரண்டு, நான்கு மூன்றும் பிந்தி ஓடும். எண் சரியாக வந்தும் புகை நிற்கவில்லை என்றால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, டைமிங்கை அளக்கும் முன்பு ஒன்றைப் பார்த்தே ஆகவேண்டும். நம் பக்கத்தில் மிக முக்கியமானது இதுதான், காற்று. செட்டிநாட்டில் இப்படிப் பூட்டிய வீட்டு ஷெட்டில் மாதக்கணக்கில் நிற்கும் கார்கள் ஏராளம். ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் இங்கே அதிகம். இந்த வண்டியில் டேங்கிலிருந்து டீசலைத் தள்ளிவிடத் தனி பம்ப் கிடையாது, முன்னால் இருக்கும் இன்ஜெக்ஷன் பம்ப்தான் அவ்வளவு தூரத்திலிருந்து உறிஞ்சவேண்டும். உறிஞ்சும் லைனில் எங்காவது ரப்பர் காய்ந்திருந்தால் டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும், கீழே சொட்டு விழாததால் யாரும் கவனிப்பதில்லை. பம்புக்குள் காற்று இருந்தால் அழுத்தம் ஏறாது, அழுத்தம் இல்லாவிட்டால் டைமிங் பிஸ்டன் நகராது. அப்புறம் அதே வெள்ளைப் புகை, அதே பி1248. டைமிங் கோளாறு மாதிரியே நடிக்கும்.

ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் ஹோஸ் ஒன்று இருக்கிறது. இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஒருவர் செல்ஃப் அடிக்க இன்னொருவர் டார்ச் அடித்து அதைப் பாருங்கள். குண்டூசித்தலை அளவுக் குமிழ் ஒன்றிரண்டு போனால் பரவாயில்லை. ஹோஸ் பாதி காலியாக இருந்தாலோ, நீளநீளமாகக் காற்று ஓடினாலோ அதைச் சரிசெய்யாமல் வேறு எதையும் தொடாதீர்கள். முதலில் சந்தேகப்படவேண்டிய இடம் ஃபில்டர் தலையில் செருகியிருக்கும் டி வடிவச் சாமான். அதில் இரண்டு சின்ன ஓரிங் இருக்கும், ஃபில்டர் மாற்றும்போதெல்லாம் அதைப் பிடுங்கிச் செருகுகிறார்கள், ஓரிங்கை மாற்றுவதே இல்லை. அடுத்து இன்ஜெக்டர்களுக்கு இடையில் ஓடும் நூல் சுற்றிய ரிட்டர்ன் ஹோஸ், நம் வெயிலில் வெடித்துப்போகும். மூன்றாவது, பம்பின் மேல்மூடி சீலும் ஹெட் சீலும். 2020 ஏப்ரலில் நாடு முழுக்க பிஎஸ்-6 டீசல் வந்தது, கந்தகம் 50-லிருந்து 10 பிபிஎம்முக்கு இறங்கியது. இப்படி டீசல் மாறும்போது பழைய பம்ப்களின் ரப்பர் சீல் சுருங்கிக் கசிவது மற்ற நாடுகளிலும் பார்த்ததுதான். பம்ப் உடம்பு டீசல் படிந்து ஈரமாக இருந்தால், ஓடும்போது கசிகிற அதே வழியில் நிற்கும்போது காற்று உள்ளே போகிறது.

காற்றா, டைமிங்கா என்று பிரிக்க ஒரு சுலபமான அடையாளம் சொல்கிறேன். காற்று மட்டும்தான் கோளாறு என்றால் காலை முதல் ஸ்டார்ட்டில்தான் தகராறு, பிடித்தபிறகு கொஞ்ச நேரம் திணறிப் புகைவிட்டுத் தெளிந்துவிடும், பத்து நிமிடம் கழித்து அணைத்துப் போட்டால் ஒரே சுற்றில் பிடிக்கும், ரோட்டிலும் பெரும்பாலும் நன்றாகவே இழுக்கும். டைமிங் பிந்தியிருந்தால் சூடான பிறகும் இழுவை குறைவாகவே இருக்கும். உறுதியாகத் தெரியவேண்டுமானால் பாட்டில் சோதனை செய்யுங்கள். சுத்தமான டீசலை ஒரு கேனில் ஊற்றி பம்பைவிட உயரத்தில் கட்டி, பம்பின் இன்லெட்டை நேராக அதற்குக் கொடுங்கள், ரிட்டர்னையும் அதே கேனுக்குத் திருப்புங்கள். கேனும் ஹோஸும் சூடான பாகத்தில் படாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். ஒரு இரவு அப்படியே விட்டுக் காலையில் உடனே பிடித்தால், டேங்குக்கும் பம்புக்கும் நடுவில்தான் குற்றம்.

நின்ற டீசலையும் பார்த்துவிடுங்கள். ஃபில்டரின் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். அடியில் தண்ணீர் பிரிந்து நின்றாலோ, கறுப்பாக வழுவழுவென்று பாசி மாதிரி வந்தாலோ டேங்கைக் கழுவாமல் மேற்கொண்டு எதுவும் செய்து பயனில்லை. அந்த அழுக்குதான் என்108-இன் சின்ன வலையில் போய் அடைக்கிறது.

ஹீட்டர் பிளக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் பலர் முதலில் மாற்றுவது அதைத்தான். இந்த இன்ஜினில் கூலன்ட் 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால்தான் ஸ்டார்ட்டுக்கு முன் ஹீட்டர் பிளக் வேலை செய்யும். காரைக்குடிப் பக்கம் மார்கழி விடியற்காலையில்கூட அந்தக் குளிரைப் பார்க்கமுடியாது. ஆக இங்கே ஸ்டார்ட்டிங் தகராறுக்கு ஹீட்டர் பிளக் காரணமே அல்ல. ஒரே ஒரு விலக்கு, கூலன்ட் சென்சார் பொய் சொல்வது. அது கெட்டால் ஈசியூ தப்பான சூட்டை நம்பித் தப்பான டீசல் அளவும் தப்பான நேரமும் கொடுக்கும். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்கேனரில் கூலன்ட், டீசல், உள்ளே வரும் காற்று மூன்றின் வெப்பநிலையையும் பாருங்கள். மூன்றும் ஏறத்தாழ ஒன்றாக, வெளிவெப்பத்தை ஒட்டி இருக்கவேண்டும். ஒன்று மட்டும் தள்ளி நின்றால் அந்தச் சென்சார்தான்.

இதெல்லாம் சரி என்றானபிறகு டைமிங்கை அளக்கலாம். சின்ன ப்ளூடூத் ஓபிடி கருவி இதற்குப் போதாது, அது பொதுவான கோடுகளை மட்டும் படிக்கும். விசிடிஎஸ் மாதிரி ஃபோக்ஸ்வேகன் குடும்ப வண்டிகளுக்குரிய மென்பொருளும் கேபிளும் வேண்டும். காரைக்குடியில் கேட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் மதுரை, திருச்சியில் நிச்சயம் கிடைக்கும். இன்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள், ரேடியேட்டர் மேல் ஹோஸ் தொடமுடியாத சூட்டுக்கு வரவேண்டும். ஏசியை அணைத்துவிடுங்கள். ஆறின இன்ஜினில் எடுக்கிற எண் செல்லாது.

முதலில் மெஷரிங் பிளாக் 004. அதில் ஆர்பிஎம், ஈசியூ கேட்கும் பீய்ச்சல் நேரம், உண்மையில் நடந்த நேரம், என்108 எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டியூட்டி சதவீதம் என்று நான்கு எண் வரும். ஐடிலிலும், 2500 ஆர்பிஎம்மில் நிறுத்தியும், ரோட்டில் மூன்றாம் கியரில் மிதித்து ஏற்றியும் பதிவுசெய்யுங்கள். ரோட்டுப் பதிவுக்கு ஒரு முறை போதும், பக்கத்தில் ஒருவர் லேப்டாப் பிடிக்கட்டும், ஓட்டுபவர் திரையைப் பார்க்கக்கூடாது. கேட்டதும் நடந்ததும் எல்லா இடத்திலும் நெருங்கி ஓடினால் நல்லது. மேலே போகப்போக நடந்த நேரம் பின்தங்கி, டியூட்டி ஒரு முனையில் போய் ஒட்டிக்கொண்டால், என்108 தன்னால் முடிந்த மட்டும் இழுத்தும் எட்டவில்லை என்று அர்த்தம்.

அடுத்துதான் முக்கியமான அளவு, பேசிக் செட்டிங்ஸில் குரூப் 000. சாதாரண மெஷரிங் பிளாக்கில் பார்க்காதீர்கள், பேசிக் செட்டிங்ஸுக்குள் போனால்தான் ஈசியூ என்108-ஐ ஒரு நிலையில் வைத்துவிட்டுத் தன் திருத்தத்தை நிறுத்தும், அப்போதுதான் பெல்ட் மாட்டிய அடிப்படை டைமிங் தெரியும். அதில் இரண்டாவது எண் பீய்ச்சல் தொடக்கம், ஒன்பதாவது டீசல் வெப்பநிலை. விசிடிஎஸ்ஸில் இந்த இரண்டையும் ஒரு படமாக வரைந்து காட்டும் டிடிஐ டைமிங் பட்டனும் உண்டு. மூன்று கோடுகள் சாய்ந்து ஓடும், நடுவில் இருப்பது சரியான இடம், மேல்கோடு முந்துவதற்கு எல்லை, கீழ்கோடு பிந்துவதற்கு எல்லை. உங்கள் இன்ஜின் ஒரு புள்ளியாக நிற்கும். டீசலின் சூட்டைப் பொறுத்து எல்லை மாறும் என்பதால்தான் கோடு சாய்வாக இருக்கிறது, 'எண் 50 இருந்தால் போதும்' என்று யாராவது ஒற்றை எண் சொன்னால் கேட்காதீர்கள்.

புள்ளி கீழ்கோட்டுக்கு அருகிலோ சற்றுக் கீழேயோ இருந்தால், பெல்ட் மாற்றும்போது பம்ப் கொஞ்சம் பிந்தி மாட்டப்பட்டிருக்கிறது, திருத்தினால் முடிந்தது. படத்தைவிட்டே வெளியே போயிருந்தால் பல் மாறியிருக்கும் வாய்ப்பு அதிகம். பம்ப் புல்லியில் ஒரு பல் தள்ளினால் கிராங்க்கில் 10 டிகிரிக்கு மேல் போய்விடும், அதைத் திருகி ஒப்பேற்றக் கூடாது, பெல்ட்டைக் கழற்றி மறுபடி மாட்டவேண்டும்.

இந்தத் தவறு எப்படி நேர்கிறது என்றால், பழைய பெல்ட் இருக்கும்போதே புல்லிகளிலும் பெல்ட்டிலும் பெயிண்ட் மார்க் போட்டு, அதே மார்க்குக்குப் புது பெல்ட்டை மாட்டிவிடுகிறார்கள். பெட்ரோல் காருக்குப் பழகிய கை அப்படிச் செய்யும். பழைய பெல்ட் நீண்டிருக்கும், டென்ஷனர் தளர்ந்திருக்கும், அந்த மார்க் அந்தப் பழைய நிலையைத்தான் காட்டும். இந்த இன்ஜினுக்குரிய முறை வேறு. கியர்பாக்ஸ் மேலே இருக்கும் ஓட்டை வழியாக பிஸ்டன் உச்சிக்கு வந்ததைக் காட்டும் ஃப்ளைவீல் டிடிசி மார்க்கைப் பார்த்து நிறுத்தவேண்டும். வால்வு கவரைக் கழற்றி கேம் ஷாஃப்டின் முனையில் இருக்கும் வெட்டில் லாக் பட்டையைச் செருகி, அந்தப் பட்டையின் இரு பக்கமும் ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியைச் சமமாக்கவேண்டும். பம்ப் புல்லியில் லாக் பின் போடவேண்டும். கேம் புல்லியை அதன் சாய்வுப் பிடியிலிருந்து தட்டித் தளர்த்தி, சும்மா சுற்றும்படி விட்டுத்தான் பெல்ட்டைப் போட்டு டென்ஷன் கொடுக்கவேண்டும். அப்போதுதான் இழுவிசை எல்லாப் பக்கமும் ஒன்றாகப் பரவும். உங்கள் பட்டறையில் லாக் பட்டையும் பின்னும் இருக்கின்றனவா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லை என்றால் பதில் கிடைத்துவிட்டது.

திருத்துவது பெரிய வேலையில்லை, ஆனால் ஒரு இடத்தில் கவனம் தேவை. பம்ப் புல்லியை மூன்று போல்ட் பிடித்திருக்கும், அவற்றை மட்டும் தளர்த்தவேண்டும். அவை ஒருமுறை இறுக்கினால் நீண்டுவிடும் ரகம், கடைசியில் புது போல்ட் போடுங்கள். நடுவில் ஒரு பெரிய நட் இருக்கிறது, அதைத் தளர்த்தவே கூடாது. பம்பின் உள் டைமிங் தொழிற்சாலையில் அந்த நட்டோடு சேர்த்து அமைத்தது, அது தளர்ந்துவிட்டால் பம்பைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சுக்குக் கொண்டுபோவதைத் தவிர வழியில்லை. மூன்று போல்ட் தளர்ந்தபின் ஸ்பேனரை அந்த நட்டில் வைத்து, தளர்த்தாமல், ஷாஃப்டை மயிரிழை அளவு திருப்பலாம். சுற்றுகிற திசையில் திருப்பினால் முந்தும், எதிர்த்திசையில் பிந்தும். போல்ட்களை இறுக்கி, ஸ்டார்ட் செய்து, மறுபடி 000-ஐப் பார்த்து, தேவையானால் இன்னும் கொஞ்சம். நடுக்கோட்டுக்குச் சற்று மேலே நிறுத்துவது எனக்குப் பிடிக்கும், ஸ்டார்ட்டிங்கும் இழுவையும் தெளிவாக இருக்கும். மேல்கோட்டைத் தொட்டுக்கொண்டு வைக்கவேண்டாம், நம் சித்திரை வெயிலில் ஏசி போட்டு நான்கைந்து பேரோடு போகும்போது வீணாக அடிவாங்கும்.

கேமோ கிராங்க்கோ தொட்ட எந்த வேலைக்குப் பிறகும் செல்ஃப் அடிப்பதற்கு முன்பு கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, மார்க் எல்லாம் மறுபடி வந்து நிற்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். எங்காவது கெட்டியாக முட்டினால் நிறுத்துங்கள். இந்த இன்ஜினில் கேம் தப்பாக இருந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும்.

டிராக்டருக்கும் பழைய ஜீப்புக்கும் பம்ப் உடம்பையே தளர்த்திக் காதால் கேட்டுத் திருப்பி செட் பண்ணுகிற மூத்த கைகள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள், அவர்கள் மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. ஆனால் அந்த இன்ஜின்களில் காது கேட்பது உண்மையான டைமிங். இங்கே ஈசியூ இடையில் புகுந்து திருத்திக்கொண்டே இருக்கிறது, காது கேட்பது திருத்தியபிறகு உள்ள சத்தம். காதால் செட் பண்ணினால் அடிப்படை எங்கேயோ இருக்கும், ஈசியூ அதை மறைத்துக்கொண்டிருக்கும்.

பம்பின் மேல்பாகத்தைத் தட்டி நகர்த்தினால் பிக்கப் வரும் என்று சிலர் சொல்வார்கள். அது டீசல் அளவைச் சரிசெய்யும் பாகம், டைமிங்கோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. சூடான ஐடிலில் ஸ்கேனர் காட்டும் அளவு ஒரு ஸ்ட்ரோக்குக்கு 3 முதல் 5 மி.கி. பக்கம் இருந்தால் அதைத் தொடாதீர்கள். டைமிங் பிந்திய வண்டியில் அளவைக் கூட்டினால் இழுவை வந்தது மாதிரி இருக்கும், கூடவே எக்ஸாஸ்ட் சூடும் கூடும்.

டைமிங்கை நடுவில் நிறுத்தியும் பி1248 திரும்பி வந்தால் என்108 பக்கம் போங்கள். அதன் வலையைச் சுத்தம் செய்து, ஒயரைப் பார்த்து, ஸ்கேனரின் அவுட்புட் டெஸ்ட்டில் 'டிக் டிக்' என்று அடிக்கிறதா என்று கேளுங்கள். அதுவும் சரி என்றால் பம்புக்குள் தேய்மானம். அதற்கு ஒரு அடையாளம் உண்டு, ஆறியிருக்கும்போது நன்றாகப் பிடிக்கும், நீண்ட தூரம் ஓட்டி நிறுத்திக் கால்மணி கழித்துப் போட்டால் பிடிக்காது. சூட்டில் டீசல் நீர்த்துப் போய்த் தேய்ந்த இடுக்கில் வழிந்துவிடுகிறது. ஈரத்துணியைப் பம்பின்மேல் போர்த்திக் கொஞ்ச நேரம் ஆறவிட்டுப் போட்டால் பிடித்துவிட்டால், பம்ப்தான். நேரடியாகத் தண்ணீரை ஊற்றாதீர்கள், சூடான உலோகம் சட்டென்று சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். உங்களுக்குக் காலையில்தான் தகராறு என்பதால் இது இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நாசிலைச் சந்தேகப்பட்டால் மாற்றாதீர்கள், சோதியுங்கள். நான்கையும் கழற்றி லாரி, டிராக்டர் பம்ப் வேலை பார்க்கும் கடையில் கொடுத்தால், கை டெஸ்டரில் போட்டு எந்த அழுத்தத்தில் திறக்கிறது, சொட்டுகிறதா, புகை மாதிரித் தூவுகிறதா என்று கண்முன்னே காட்டுவார்கள். நான்கும் ஒரே அழுத்தத்தில் திறக்கவேண்டும், முக்கியமாக மூன்றாவது. திரும்ப மாட்டும்போது அடியில் இருக்கும் செம்பு வாஷரைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். டெஸ்டர் அடிக்கும்போதோ, ஓடும் இன்ஜினில் பைப் நட்டைத் தளர்த்திப் பார்க்கும்போதோ கையை முன்னால் நீட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், ஆனால் விரலையே எடுக்கவேண்டிய அளவுக்குப் போகக்கூடியது. அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

டர்போவைப் பொறுத்தவரை, அது கெட்டால் பெரும்பாலும் நீலப்புகையும் ஆயில் குறைவும் வரும், இல்லாவிட்டால் கரும்புகை வரும். கரும்புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று போகவில்லை, இன்டர்கூலர் ஹோஸ் கிழிந்திருக்கலாம், காற்று அளக்கும் சென்சார் சோர்ந்திருக்கலாம், எக்ஸாஸ்ட்டைத் திருப்பி உள்ளே விடும் ஈஜிஆரின் கரி இன்டேக்கில் அடைத்திருக்கலாம், நம் ஊர்ச் செம்மண் தூசியில் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். உங்களுடையது வெள்ளைப் புகை. பிளாக் 011-இல் கேட்கும் பூஸ்ட்டும் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) கிடைக்கும் பூஸ்ட்டும் பொருந்தினால் டர்போவுக்கு நல்ல சான்றிதழ் கிடைத்த மாதிரிதான்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்கோடா லாராவில் வந்த 1.9 டிடிஐ இதே கொள்ளளவு என்றாலும் இந்த ரோட்டரி பம்ப் கிடையாது, ஒவ்வொரு இன்ஜெக்டரையும் கேமே அழுத்தும், அங்கே பார்க்கவேண்டியது ஸ்கேனரில் வரும் டார்ஷன் அளவு, அதாவது கேமுக்கும் கிராங்க்குக்கும் உள்ள கோண வித்தியாசம். இன்னோவா மாதிரி காமன் ரயில் வண்டிகளில் திருப்பி வைக்கிற இன்ஜெக்ஷன் டைமிங்கே இல்லை, கிராங்க், கேம் சென்சார்களை வைத்து ஈசியூ கணக்குப் போடும், அங்கே ரயில் அழுத்தமும் இன்ஜெக்டர் ரிட்டர்ன் அளவும்தான் கதை. மேலே சொன்ன 000 எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது.

தம்பி, நீங்கள் நாளைக்கே செய்யவேண்டியது இரண்டு. விடியற்காலையில் அந்தக் கண்ணாடி ஹோஸைப் பார்ப்பது ஒன்று, செல்போனில் வீடியோ எடுத்தாலும் சரி. சூடான இன்ஜினில் 000 படத்தையும் 004 பதிவையும் எடுப்பது இன்னொன்று. இந்த மூன்றும் கையில் இருந்தால் பட்டறையில் நீங்கள் கெஞ்சவேண்டியதில்லை, 'புள்ளி கீழே இருக்கிறது, பம்பை முந்தி வையுங்கள், நடு நட்டைத் தொடாதீர்கள்' என்று சொல்லிவிடலாம். பெல்ட்டை மறுபடி கழற்றினால் டென்ஷனர், ஐட்லர்கள், வாட்டர் பம்ப் போன முறை மாற்றினார்களா என்று பில்லில் பாருங்கள். பெல்ட் மட்டும் மாற்றியிருந்தால் இப்போதே எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். நின்றே இருக்கும் வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு பார்க்காதீர்கள், ஐந்து வருடத்துக்கு மேல் ஒரு பெல்ட்டை நான் நம்பமாட்டேன். பதிவுகளை எடுத்ததும் எண்களை அப்படியே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.